ஷிசுவோகா மலைச்சரிவில் எங்கள் அக்கா

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இந்தச் சித்திரையோடு ஓராண்டு நிறைகிறது. காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் திதி முடிந்து, வீட்டில் பந்தியில் அமர்ந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்டு புறப்படும் உங்கள் அனைவருக்கும் அக்காவின் தம்பியாகிய நான் வணக்கம் சொல்லித் தொடங்குகிறேன். நான் எழுத்துக்காரன் அல்லன். காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலருக்கு அக்காவை 'ஜப்பான்ல இருந்தவங்க' என்ற அளவில்தான் தெரியும். அங்கே என்ன செய்தார் என்று கேட்டால் 'ஏதோ டீத்தூள் கம்பெனியில வேலை' என்று பாதிப் பேர் சொல்வீர்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களே அப்படிச் சொல்லிக்கொண்டதை நான் கேட்டேன். அது உண்மை இல்லை. அக்கா எந்தக் கம்பெனியிலும் வேலை பார்க்கவில்லை. ஒரு மலையில் பயிர் வைத்தார். அதைத்தான் எழுத வந்தேன்.

மருங்காபுரிக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அக்கா பிறந்தார். எங்களுடையது வானம் பார்த்த பூமி. கடலை, துவரை, சோளம். மழை பெய்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் அப்பா கூலிக்குப் போவார். அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வைத்துவிட்டுக் களை எடுக்கப் போய்விடுவார். நான் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் எடுத்த வரிசையில் ஒரு கோரை மிஞ்சியிருக்காது. கடலை மூட்டையைச் சும்மாடு கூட்டித் தலையில் வைத்துக்கொண்டு, பஸ் நிற்கும் ரோடு வரைக்கும் இறக்காமல் நடப்பார்.

திருச்சியில் பெண்கள் கல்லூரி ஒன்றில் தாவரவியல் படிக்க இடம் கிடைத்தது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்தான். இரண்டாம் வருஷம் மழை பொய்த்துக் கடலை முழுக்கக் காய்ந்துபோனது. படிப்பை நிறுத்திவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். அக்கா சண்டை போடவில்லை, அழவும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி ஊருக்கு வருவார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தவர் தோட்டத்தில் வேலை பார்ப்பார். திங்கள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்விடுவார். அந்த வருஷம் முழுக்க இப்படியே நடந்தது. நிறுத்துவது பற்றி அதன்பிறகு அப்பா பேச்செடுக்கவே இல்லை.

துவாக்குடியில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பிரிவில் இருந்த அத்தானுக்கு அக்காவை மணம் முடித்தோம். ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியை ஒட்டி ஒரு போர்ஷனில் குடியிருந்தார்கள். மகள் பிறந்தாள். நானும் அவர்களோடு தங்கித்தான் மண்டியில் தொழில் பழகினேன். மகளுக்கு இரண்டு வயது ஆனபோது அத்தானுக்கு ஜப்பானில், ஷிசுவோகா மாநிலத்தில், மோட்டார் உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு புறப்பட்டார்கள்.

போன புதிதில் அக்கா பட்ட பாடு கொஞ்சமல்ல. அத்தான் காலையில் போனால் இருட்டித்தான் வருவார். பேச ஆள் இல்லை. கடையில் உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாமல் வாங்கி வந்திருக்கிறார். ஊராட்சி அலுவலகத்தில் வெளிநாட்டவர்க்கு இலவசமாக மொழி சொல்லித் தருகிறார்கள் என்று தெரிந்ததும், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வகுப்பில் உட்கார்ந்தார். இரண்டு வருஷத்தில் அத்தானைவிட அக்கா நன்றாகப் பேசினார்.

அவர்கள் குடியிருந்த வீட்டு ஜன்னலைத் திறந்தால் மலை. மலை முழுக்கத் தேயிலை. நம் நீலகிரியில் பார்ப்பதுபோல் அல்ல. வரிசை வரிசையாக, மேலே உருட்டிச் சீவி விட்டது போல் செடிகள் இருக்கும். ஒரு சித்திரை மாதத்தில், மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, அக்கா அந்த மலைப் பாதையில் ஏறிப் போனார். மேலே ஹராதா என்ற அறுபது வயதுக்காரரும் அவர் மனைவியும் இலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு ஆள் வேண்டுமா என்று அக்கா கேட்டார். அந்த அம்மாள் அக்காவின் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாராம். கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் ஆகியும் களைக்கொட்டுப் பிடித்த காய்ப்பு அதில் இருந்தது. மூன்று வாரத்துக்கு மட்டும் வரச் சொன்னார். அக்கா இருபது வருஷத்துக்கு மேல் போனார்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலையை இருவர் சேர்ந்து வெட்டுகிறார்கள். வளைந்த வெட்டு இயந்திரத்தை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். வெட்டிய கொழுந்து இயந்திரம் ஊதும் காற்றில் பறந்து பின்னால் இழுத்து வரும் நீளப் பையில் விழும். இரண்டு பேரின் கையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு விரல் தாழ்ந்தால் முற்றிய இலையும் குச்சியும் சேர்ந்து வந்துவிடும். முதல் நாள் அக்காவின் கை தாழ்ந்து ஒரு முழு வரிசை கெட்டுப்போனது. அன்று வீட்டுக்கு வந்து துணி காயப்போடும் கம்பை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்தார் என்று அத்தான் சொல்லிச் சிரிப்பார்.

வெட்டிய இலையை அன்றன்றே ஆவியில் அவிக்க வேண்டும். பையிலேயே நேரம் போனால் இலை சூடேறிச் சிவந்துவிடும். பச்சைத் தேயிலை பச்சையாக இருப்பதே அந்த ஆவியால்தான். ஊர் விவசாயிகள் எல்லாரும் சேர்ந்து நடத்தும் ஆலை ஒன்று அடிவாரத்தில் இருந்தது. அங்கே அவித்து, உருட்டி, காயவைப்பார்கள். வெட்டு முடிந்த பிறகு களை, கவாத்து, உரம் என்று வருஷம் முழுக்க வேலை உண்டு. குளிர் வந்தால் மலைப்புல்லை அறுத்து வரிசைகளுக்கு நடுவே பரப்புவார்கள். பல பேர் அந்தப் புல் வேலையை விட்டுவிட்டார்கள். அக்கா அதை ஒரு வருஷமும் விட்டதில்லை. ஈரம் காக்கத் தெரியாவிட்டால் மருங்காபுரியில் பிறந்து என்ன பயன் என்பார்.

நான் போனில் பேசும்போது 'அக்கா, அக்கா' என்று கத்துவது தோட்டத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும். அவர்கள் மொழியில் 'அக்கா' என்பதுபோல் ஒலிக்கும் சொல்லுக்குச் சிவப்பு என்று பொருளாம். மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து, அந்த ஊருக்கே அவர் 'அக்கா-சான்' ஆகிவிட்டார். பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆளே அங்கு இல்லை.

பத்து வருஷம் கழிந்தது. ஹராதா முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு சரிவில் ஏற முடியாதவரானார். மகன்கள் நகரத்தில் இருந்தார்கள். அவர்களுக்குத் தோட்டத்தில் விருப்பம் இல்லை. செடிகளைப் பிடுங்கிவிட்டு நிலத்தைச் சும்மா போடுவது என்று முடிவாயிற்று. அக்கா அவரிடம் போய், குத்தகைக்கு நானே பார்க்கிறேன் என்றார். அத்தானுக்கும் அக்காவுக்கும் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி அப்போது கிடைத்திருந்தது. ஹராதாவுக்குச் சம்மதம்தான். ஆனால் ஆலையில் இலையை எடுத்துக்கொள்வதற்கு ஊர் விவசாயிகள் கூடி ஒப்ப வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் ஆலைத் தலைவர் ஒருவர்தான் எதிர்த்தார். அவர் கெட்டவர் அல்லர். தேயிலைச் செடி முப்பது, நாற்பது வருஷத்துப் பயிர், இந்த அம்மாள் என்றைக்கு வேண்டுமானாலும் ஊருக்குப் போய்விடுவார், பிறகு செடியை யார் பார்ப்பது என்று கேட்டார். கடைசியில், எல்லாரும் கைவிட்ட செங்குத்தான மேல் தோட்டத்தை மட்டும் ஒரே ஒரு வருஷத்துக்கு அக்காவிடம் கொடுத்துப் பார்ப்பது என்று தீர்மானித்தார்கள்.

இங்கே அப்பாவுக்குக் கோபம். பெண் படித்து, கல்யாணம் ஆகி, கடல் தாண்டிப் போனது மறுபடி மண் வெட்டவா என்று கேட்டார். பேசிப் பார்த்தார், அக்கா கேட்கவில்லை. 'நீ போய்க் கூட்டிட்டு வா' என்று என்னை அனுப்பினார். நானும் அதே எண்ணத்தில்தான் போனேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் ஆலைத் தலைவர் வீட்டுக்கு வந்தார். ஒல்லியான மனிதர், நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்காவைப் பார்த்து ஏதோ கேட்டார். அத்தான் வேலைக்குப் போயிருந்ததால் எங்களுக்கு நடுவில் மொழிபெயர்க்க அக்காவைத் தவிர ஆள் இல்லை. அக்கா என் பக்கம் திரும்பி, "உங்க அக்காவக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கீங்களான்னு கேக்குறாரு" என்றார்.

எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஆமா" என்றேன்.

அக்கா அவரிடம் திரும்பிப் பேசினார். பேச்சு கொஞ்சம் நீளமாக இருந்தது. அவர் தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார். நான் பதறிப்போய் அக்காவிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"நீ சொன்னத அப்படியே சொன்னேன். என் தம்பி ஆமான்னு சொல்றான்னேன். நான் சொல்ல வேண்டியத அப்புறம் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"அவன் தனியாத்தான் திரும்பிப் போவான்னு சொன்னேன்."

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் அது நடந்தது. முந்தின இரண்டு நாளும் நல்ல மழை. அன்று வெயில் அடித்து இலையில் ஈரம் காய்ந்ததும், மேல் தோட்டத்தில் அக்காவின் குத்தகையில் முதல் வெட்டு தொடங்கியது. அன்று அத்தான் விடுப்பு எடுத்திருந்தார். அக்காவும் அத்தானும் இயந்திரம் பிடிக்க, நானும் ஹராதாவின் மனைவியும் பைகளைக் கட்டி ஓரமாக அடுக்கினோம். மதியத்துக்குள் பதினான்கு பை சேர்ந்தது. சிறிய லாரியில் ஏற்றலாம் என்று போனால், கீழே பெரிய சத்தம். ஊறியிருந்த மலைச்சரிவு மரங்களோடு சேர்ந்து ரோட்டின் மேல் இறங்கியிருந்தது. லாரி மேலே, ஆலை கீழே. நடுவில் ரோடு இல்லை. நல்லவேளையாக யாருக்கும் அடி இல்லை. ரோட்டுப் பக்கம் யாரும் வர வேண்டாம் என்று ஊராட்சியிலிருந்து போனில் எச்சரித்தார்கள்.

ஹராதாவின் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தான் இலையைத் தொட்டுப் பார்த்து, "சூடேற ஆரம்பிச்சிருச்சு" என்றார். ஒரு வருஷத்துக் குத்தகை, அதன் முதல் இலை. இது கெட்டால் கூட்டத்தில் எதிர்த்தவர் சொன்னதுதான் சரி என்று ஆகும். எனக்கு உள்ளூர ஓர் எண்ணம் ஓடியது. அதையும் எழுதிவிடுகிறேன். 'சரி, இதோடு அக்கா வந்துவிடுவார்' என்று நினைத்தேன்.

அக்கா மலையின் மறுபக்கத்தைக் காட்டினார். மண் சரியாத அந்தப் பக்கம், மரங்களுக்கு நடுவே ஆலைக்கு இறங்கும் பழைய ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது. ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். கழுத்தில் போட்டிருந்த துண்டை எடுத்துச் சுருட்டினார். சும்மாடு கூட்டினார். எத்தனை வருஷம் கழித்து அதைப் பார்க்கிறேன். "தூக்கி வைடா" என்றார். நான் பையைத் தூக்கித் தலையில் வைத்தேன். ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை வீசிக்கொண்டு அந்தச் சரிவில் இறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வாழைத்தார் சுமந்து வளர்ந்தவன். அக்கா முன்னால் போகும்போது நின்றுகொண்டிருக்க முடியுமா? தோளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அத்தான் முதுகில் கட்டிக்கொண்டார். ஹராதாவின் மனைவி எழுந்து மீதிப் பைகளை நிழலுக்கு இழுத்து, வாயை அவிழ்த்து, இலையை உதறிக் காற்றுப் பட வைத்தார். இரண்டாம் நடை நாங்கள் மேலே ஏறும்போது, கீழிருந்து ஆட்கள் எங்கள் பின்னாலேயே ஏறி வந்தார்கள். தலையில் மூட்டையோடு ஒரு பெண் மரங்களுக்குள்ளிருந்து இறங்கி வந்ததை ஆலையில் இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த ஊரில் அப்படி யாரும் சுமந்து அவர்கள் கண்டதில்லை. ஏழெட்டுப் பேர் வந்தார்கள். ஆளுக்கு ஒரு பை. கடைசிப் பையை எடுத்தது ஆலைத் தலைவர்.

ஆலையில் பைகளைப் பிரித்தபோது அக்கா ஒவ்வொன்றிலும் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தார். இரண்டு பைகளைத் தள்ளி வைத்தார். அடியில் சூடேறிவிட்டது என்றார். ஆலையில் இருந்தவர், கலந்துவிட்டால் தெரியாது, பரவாயில்லை என்று சொன்னதாக அத்தான் எனக்கு மொழிபெயர்த்தார். அக்கா கேட்கவில்லை. தலையில் சுமந்து வந்த இலையை, தன் கையாலேயே கொண்டுபோய் உரக்குழியில் கொட்டினார். மீதிப் பன்னிரண்டு பையும் ஆவிக்குப் போயின. ஆலைத் தலைவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார், உள்ளே வரவில்லை. அத்தான் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. ஹராதாவின் கீழ்த் தோட்டத்தையும் அக்காவே பார்க்கட்டும், ஒரு வருஷம் என்ற கணக்கு வேண்டாம், கூட்டத்தில் நானே சொல்லிவிட்டேன் என்றாராம். அக்கா குனிந்து வணங்கினார். அவர் போன பிறகு சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. அக்கா அழுததை என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான் அறிவேன்.

நான் தனியாகத்தான் திரும்பினேன். அப்பாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். சும்மாடு கூட்டியதைச் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார். "எத்தன மூட்ட?" என்றார். சொன்னேன். "அப்ப இருக்கட்டும்" என்றார். அவர் காலம் முடியும்வரை யார் வந்தாலும், எம்மவ மலையில வெள்ளாம பாக்குறா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அக்காவுக்கு ஏறுமுகம்தான். கைவிடப்பட்ட தோட்டங்கள் ஒவ்வொன்றாக அவரிடம் வந்தன. வேறு நாடுகளிலிருந்து வந்து அங்கே குடியிருந்த பெண்கள் சிலரையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். நான்கைந்து வருஷத்தில் அந்த வட்டாரத் தேயிலைப் போட்டிக்கு அக்காவின் இலை போனது. அங்கே யார் இலை என்று பேர் இருக்காது. வெள்ளைக் கிண்ணங்களில் எண் மட்டும்தான். நிறம் பார்த்து, முகர்ந்து, சுவைத்து மதிப்பிடுகிறார்கள். முதலிடம் பெற்ற எண்ணைப் படித்தபோது அக்காவுக்குத் தன் எண் மறந்துவிட்டது. கையிலிருந்த சீட்டை அத்தான்தான் பிடுங்கிப் பார்த்தார். மேடையில் ஏறும்போது அக்கா கட்டியிருந்தது ஸ்ரீரங்கத்தில் வாங்கிய சுங்குடிச் சேலை. அந்தப் படம்தான் இந்த மலரின் அட்டையில் இருக்கிறது. ஆலைத் தலைவர் வயதாகிப் பொறுப்பிலிருந்து இறங்கியபோது, ஊர் கூடி அக்காவை அந்த இடத்தில் உட்கார வைத்தது. முன்மொழிந்தவர் அவரேதான்.

மூன்று வருஷத்துக்கு முன் நோய் தெரிந்தது. வைத்தியம் அங்கேயே நடந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று ஆனபோது, ஸ்ரீரங்கத்துக்கு வர விரும்பினார். அத்தான் அழைத்து வந்தார். என் வீட்டில் காற்றோட்டமான முன்னறையில் படுத்திருந்தார். மகள் படிப்பை முடித்துத் தோட்டத்தில் அம்மாவோடு உழைத்துக்கொண்டிருந்தவள். அவளும் கூட வருகிறேன் என்றாள். முதல் வெட்டு முடியாமல் வரக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சித்திரைத் தேர் சமயம். வெளியே வீதியெல்லாம் கூட்டம். உள்ளே அக்கா வீடியோ காலில் மகளிடம் கொழுந்தைக் கிட்டக் கொண்டுவந்து காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு நாள் பொறு என்றார். மகள் மறுத்தாள். இன்றைக்கே வெட்ட வேண்டும், வெயில் ஏறினால் முற்றிவிடும் என்றாள். இருவருக்கும் வாக்குவாதம். எங்களுக்குக் கவலையாகிவிட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு சற்று யோசித்தார்.

"செடிகிட்ட நிக்கிறது நீ. நீயே முடிவு பண்ணு."

மகள் அன்றே வெட்டினாள். மறுநாள் வெயில் சுட்டது. அதற்கடுத்த நாள் அங்கே மழை பிடித்து நான்கு நாள் விடவில்லை. பொறுத்திருந்தவர்களின் இலை முற்றி வீணானது. அக்காவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும், "நான் சொன்னதக் கேக்கல, அதனால பொழச்சா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மகள் அந்த இலையோடு வந்து சேர்ந்து, தன் கையால் போட்டுக் கொடுத்தாள். இரண்டு மிடறுதான் இறங்கியது. "என்னுதவிட நல்லாருக்கு" என்றார். அதற்கு இரண்டாம் நாள் காலை, வெளிச்சம் வந்த பிறகு, அமைதியாகக் காலமானார்.

இரவு பகல் பாராமல் வந்து ஊசி போட்ட செவிலியருக்கும், எங்கள் வீட்டுக் கூட்டத்துக்குத் தம் வீட்டில் உலை வைத்த அடுத்த வீட்டாருக்கும், தேர்க் கூட்டத்துக்கு நடுவில் வாகனத்துக்கு வழி விலக்கித் தந்த பெயர் தெரியாதவர்களுக்கும், மண்டியைப் பார்த்துக்கொண்ட என் கூட்டாளிகளுக்கும், கருமாதிக்கு ஊரிலிருந்து வேன் பிடித்து வந்த மருங்காபுரி உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மகள் கொண்டுபோன அக்காவின் அஸ்தியில் ஒரு பங்கை வாங்கி மேல் தோட்டத்தில் சேர்த்த ஹராதாவின் மனைவிக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

இறுதியாக ஒன்று. மகள் எங்கே என்று இன்று பலர் தேடியிருப்பீர்கள். பத்து நாளுக்கு முன் போன் செய்தாள்.

"மாமா, திதி அன்னிக்குத்தான் மேல் தோட்டம் வெட்டுப் பதத்துக்கு வரும் போலிருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

தாய்மாமன் நான். ஊர் என்ன பேசும் என்று எனக்கும் தெரியும். அத்தானைப் பார்த்தேன். அவர் சரி என்று தலையை ஆட்டினார். "வெட்டும்மா" என்றேன்.

ஆகவே நீங்கள் இதைப் படிக்கும் இந்த நேரத்தில் அவள் மலையில் இருக்கிறாள். அடுத்த மாதம் வருவாள், வரும்போது இந்த வருஷத்து முதல் இலையைக் கொண்டு வருவாள். அனைவரும் வீட்டுக்கு வந்து ஒரு கிண்ணம் குடித்துவிட்டுப் போக வேண்டும். பாலும் சர்க்கரையும் மட்டும் கேட்காதீர்கள். அக்கா இருந்திருந்தாலும் தந்திருக்க மாட்டார்.